பதினாறு வரி

ஜூலை 1, செவ்வாய்
152/96.

தினமும் காலையில பிரஷர் பார்த்து எழுதி வைக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். எதுல எழுதன்னு கேட்டேன். மருந்துக் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி மேசையில கிடந்தது, அதையே எடுத்து நீட்டினார். ஒரு நாளைக்கு ஒரு முழுப் பக்கம். ரெண்டு நம்பர் எழுத எதுக்கு இம்புட்டுப் பெரிய பக்கம்? சும்மா விட மனசு வரல, எழுதுறேன்.

பேரு இசக்கியம்மாள். வயசு நாற்பத்தாறு. சிறுசேரியில பதினாலாவது மாடி. கல்யாணம் பண்ணல, அதுக்காக யாரும் இங்க அழுதுகிட்டும் இல்ல. ஆபீஸைப் போன வருஷம் மூடிட்டு எல்லாரையும் வீட்டுல இருந்தே வேலை பாருங்கன்னுட்டாங்க. நிம்மதி. பஸ் கிடையாது, லிஃப்ட்ல எவனும் வந்து "சாப்ட்டாச்சா"ன்னு கேக்க மாட்டான்.

வேலை, பலகை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பைத்தான்ல நிரல் எழுதிப் பழக நாங்க செய்யிற எடிட்டர். இன்னிக்கு ரகோத்தமன் வீடியோவில வந்தார். எனக்கு மேனேஜர், என்னைவிடப் பத்து வயசு இளையவர். ஷெல்லை எடிட்டருக்குள்ளயே கொண்டாந்து வச்சிரணுமாம். மேலே பிள்ளைகள் நிரல் எழுதும், கீழே ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். அதுல ஒரு வரி அடிச்சு என்டர் தட்டினா அங்கயே பதில் வரும். ரெண்டும் மூணும் எத்தனைன்னா அஞ்சுன்னு சொல்லும். கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்ல இந்த வீட்டுல ஒரு ஆளு வரப் போகுது. வரட்டும்.

ஜூலை 2, புதன்
148/94. தண்ணி கேன் வந்தது. கேஸ் புக் பண்ணணும்.

ஜூலை 3, வியாழன்
150/94.

ஷெல் உள்ளே வந்து உட்கார்ந்திருச்சு. மூணு நாளா எடிட்டரும் ஷெல்லும் சண்டை போட்ட சம்பந்தி வீட்டுக்காரங்க மாதிரி ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கிட்டு நின்னுதுக. மத்தியானம் ரெண்டரை மணிக்கு ஒண்ணுக்கொண்ணு பேசிருச்சு. மேலே எழுதினதைக் கீழே கேட்டா டக்குன்னு சொல்லுது. "ஏட்டி, வந்துட்டியே!"ன்னு கத்திட்டேன். என் குரலைக் கேட்டு எனக்கே தூக்கிவாரிப் போட்டது. காலையிலருந்து வாயைத் திறக்கலைங்கிறது அப்பதான் உறைச்சது.

ஆபீஸ் குரூப்ல போட்டேன். மூணு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாங்க. மஸ்கட்டுல இருக்கிற தங்கச்சிக்கும் படம் எடுத்து அனுப்பினேன். அவ பதிலுக்கு ஒரு ரோஜாப்பூ அனுப்பினா, கீழே "இனிய மாலை வணக்கம்".

ராத்திரிக்கு உப்புமா.

ஜூலை 4, வெள்ளி
154/98.

ரகோத்தமன் சொன்னார். "மேடம், ஷெல்லை டெஸ்ட் பண்ண ஒரு டீச்சர் இருக்காங்க. கண்ணு தெரியாதவங்க. ஸ்கிரீன் ரீடர் வச்சுப் பார்ப்பாங்க. நேரா உங்களுக்கே போன் பண்ணச் சொல்லிடறேன்." எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. எழுதி அனுப்பினா ஆகாதா, போன் எதுக்கு?

பதினொன்னே காலுக்கு அடிச்சது. "வணக்கம் மேடம். எஸ்தர் கனி பேசுதேன். உடன்குடிப் பக்கம் ஒரு கவர்மென்ட் ஸ்கூல்ல கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்கேன்."

அந்தக் "குடுக்கேன்" காதுல விழுந்ததும், எங்க ஊர்ப் பேச்சாச்சேன்னு சாய்ஞ்சு கிடந்தவ நிமிர்ந்து உட்கார்ந்துட்டேன்.

ஸ்கிரீன் ரீடர்னா திரையில இருக்கிறதை வாய்விட்டு வாசிக்கிற மென்பொருள். போனை அது பக்கத்துல வச்சா. "ரெண்டும் மூணும் போடுதேன், கேளுங்க." 'பலகை ஷெல்லுக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்'னு ஆரம்பிச்சு அஞ்சுன்னு முடிச்சது. சரியாத்தானே இருக்குன்னேன். "இருங்க மேடம்." அடுத்த வரி போட்டா. மறுபடி அன்புடன் வரவேற்றது, பழைய கணக்கைச் சொன்னது, பழைய பதிலைச் சொன்னது, பிறகுதான் புதுசுக்கு வந்தது. பத்தாவது வரிக்கு, இருந்த ஒன்பதையும் தலையிலிருந்து ஒப்பிச்சுட்டு வந்தது.

"என்டர் தட்டுற போதெல்லாம் வாசல்ல நிறுத்தி வரவேற்கு மேடம். பதில் வாரதுக்குள்ள பீரியட் முடிஞ்சு பெல்லடிச்சிரும்."

சிரிச்சிட்டேன். தப்பு எங்கன்னு புரிஞ்சது. ஒவ்வொரு பதிலுக்கும் அந்த ஜன்னலை முழுசா அழிச்சுட்டுத் திரும்ப எழுதுறேன். கண்ணுக்கு அது தெரியாது. ஸ்கிரீன் ரீடருக்கு எல்லாமே புதுசு.

வைக்கப் போகும்போது கேட்டா. "மேடம், இசக்கின்னு பேரு இருக்கே. நீங்க எந்தூரு?"

"ஏரல்."

"அட, பக்கத்து ஊர்க்காரியையா மேடம் மேடம்ங்கேன்! அக்கான்னே கூப்பிடுதேன், என்ன?"

ஆபீஸ்ல என் பேரு வாயில நுழையலைன்னு 'அம்மு' ஆக்கி வச்சிருக்கானுக. இசக்கியக்கான்னு ஒருத்தி கூப்பிட்டு எவ்வளவு வருஷம் ஆச்சு.

ஜூலை 7, திங்கள்
140/90.

பதினொன்னே காலுக்குச் சரியாப் போன். அந்த நேரம் அவளுக்கு வகுப்பு கிடையாதாம், லேப்ல தனியா உட்கார்ந்து பேசுதா.

சங்கதி பெரிசு. எஸ்தரை அங்க தற்காலிகமாத்தான் போட்டிருக்காங்க. வாற இருபத்திநாலாம் தேதி மாவட்ட ஆபீஸ்லருந்து ரெண்டு பேரு வந்து, அவ வகுப்பு எடுக்கிறதைப் பின் பெஞ்சுல உட்கார்ந்து பார்ப்பாங்க. சரின்னு சொன்னா கம்ப்யூட்டர் டீச்சராத் தொடரலாம். இல்லன்னா ஆபீஸ்ல போன் எடுக்கிற வேலை.

"கண்ணு தெரியாத பிள்ளை கண்ணு தெரிஞ்ச பிள்ளைகளுக்கு எப்படி கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்கும்னு ஹெட்மாஸ்டருக்கு முதல்லருந்தே சந்தேகம்க்கா. கெட்டவரு இல்ல. பாவம், பயப்படுதாரு."

"அந்தாளு கெடக்காரு. நான் சரிபண்ணித் தாறேன்."

"இருபத்திநாலுக்குள்ள?"

"அதுக்கு முன்னாலயே."

ஜூலை 8, செவ்வாய்
134/86.

இன்னிக்கு ஒரு கூத்து. பத்தரைக்கே குளிச்சு, தலை சீவி, பொட்டு வச்சு, நல்ல சேலையாப் பார்த்துக் கட்டிக்கிட்டு போன் முன்னாடி உட்கார்ந்திருக்கேன். வீடியோ கிடையாது. வீடியோவே இருந்தாலும் அவளுக்குத் தெரியாது. கோட்டி பிடிச்சிருச்சான்னு என்னையே கேட்டுக்கிட்டேன். சேலையை மாத்தல.

அஞ்சு நிமிஷம் ஷெல்லைப் பத்தி, நாற்பது நிமிஷம் ஊர்க்கதை. அவ அம்மா கருப்பட்டி போட்டு வைக்கிற காப்பியில எறும்பு மிதந்தா, "கண்ணுக்கு நல்லது, குடி"ம்பாளாம். "இருபத்தொம்பது வருசமாக் குடிக்கேன்க்கா, ஒண்ணும் பலனைக் காணோம்"ங்கா. சிரிச்சு சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துட்டு.

ஜூலை 9, புதன்
130/84.

முடிஞ்சது. பதினாறு வரிதான். பழசைத் தொடாம அப்படியே விட்டுட்டுப் புதுசை மட்டும் அடியில சேர்க்கணும், அதை மட்டும் வாசின்னு ஸ்கிரீன் ரீடருக்குச் சொல்லணும். சாயந்திரம் நாலு மணிக்கு ஓடிட்டு. நானும் ஸ்கிரீன் ரீடரைப் போட்டு, கண்ணை மூடிக்கிட்டு இருபது கணக்கு போட்டுப் பார்த்தேன். அஞ்சுன்னா அஞ்சு. வரவேற்பு கிடையாது.

நாளைக்கு அனுப்பலாம்.

ஜூலை 10, வியாழன்
128/82.

காலையில ரகோத்தமன் மீட்டிங். "மேடம், அந்த ஸ்கிரீன் ரீடர் விஷயம் ஒண்ணுதான் பாக்கி. அது முடிஞ்சா அந்த டீச்சரோட டெஸ்டிங்கை முடிச்சிடலாம், உங்களையும் ரிப்போர்ட் பிரிண்ட் எடுக்கிற மென்பொருளுக்கு மாத்திடலாம்."

பதினொன்னே காலுக்கு எஸ்தர். "ஏதும் ஆச்சாக்கா?"

"பார்த்துக்கிட்டு இருக்கேன். சின்னச் சின்ன விஷயம் பாக்கி இருக்கு."

உண்மைதான். இன்னும் நல்லாச் சோதிக்கணும். அவசரமா அனுப்பி வேற ஏதாவது உடைஞ்சுபோனா அவளுக்குத்தானே கஷ்டம். இருபத்திநாலுக்கு இன்னும் ரெண்டு வாரம் கிடக்கு.

ஜூலை 11, வெள்ளி
126/82. மாத்திரை நல்லா வேலை செய்யுது.

ஜூலை 13, ஞாயிறு
150/94.

நேத்து எழுதல, எழுத ஒண்ணும் இல்ல. துணி துவைச்சேன். இன்னிக்கு அயிரை மீன் வாங்கிக் குழம்பு வச்சேன், நாலு பேரு சாப்பிடுற அளவுக்கு வந்துட்டு. கீழே ஃபிளாட் சங்கத்துக் கூட்டம், போகல. சனி ஞாயிறுல எஸ்தர் போன் பண்ண மாட்டா. நம்பர் இருக்கு. சும்மா கூப்பிட்டு என்ன சொல்ல? வேலை விஷயம் எதுவும் இல்லையே.

தங்கச்சி ரெண்டு ரோஜாப்பூ.

ஜூலை 14, திங்கள்
132/84.

இன்னிக்கு எஸ்தருக்கு ஒரு யோசனை சொல்லிக் கொடுத்தேன். கன்ட்ரோலும் எல்லும் சேர்த்துத் தட்டினா ஷெல் ஜன்னல் துடைச்ச சிலேட்டு ஆயிரும். பதில் காதுல விழுந்ததும் ஒரு தட்டுத் தட்டிட்டா, அடுத்த கணக்குக்கு அதுக்கு வாசிக்கப் பழசு எதுவும் இருக்காது.

"ஆமாக்கா! பதிலைக் கேளு, தட்டு. பதிலைக் கேளு, தட்டு. நல்ல யோசனைக்கா, எப்படிக்கா இதெல்லாம் தோணுது?"

போன்லயே முப்பது தடவை பழகினா. பதினாறு வரியும் என்கிட்டயே கிடந்தது. ஆனா அவ சந்தோஷமா இருந்தா, அது நிஜம்.

ஜூலை 17, வியாழன்
128/80.

ரகோத்தமன் கேட்டார், இன்னும் ரெண்டு நாள்னு சொன்னேன். போன தடவையும் ரெண்டு நாள்னுதான் சொன்னேன். அவரு குறிச்சு வச்சுக்கலை.

எஸ்தர் ஒவ்வொரு நாளும் பழகுதா. கை நல்லாப் பழகிட்டாம், யோசிக்காமலே விரல் போகுதாம். எனக்கும் பேச்சு மாறிட்டு. கேஸ் சிலிண்டர் கொண்டாந்தவர்கிட்ட "அங்கன வச்சிருங்க"ன்னேன், அவரு எங்கனன்னு தெரியாம முழிச்சாரு.

ஜூலை 18, வெள்ளி
130/84.

பதினொன்னே கால். பதினொன்னரை. பன்னெண்டு. வரல.

ஒரு மணிக்கு மெசேஜ், "காய்ச்சல் அக்கா. திங்கள் பேசுதேன்." சோறு பொங்கல. பதினாறு வரியையும் திறந்து வச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தேன். மூடிட்டேன்.

ஜூலை 21, திங்கள்
156/98.

இன்னிக்கு அவ ஹெட்மாஸ்டர் முன்னாடி ஒத்திகை பார்த்திருக்கா. கணக்கு போட்டா, பதிலைக் கேட்டா, தட்டினா. பிள்ளைகள் பெரிய திரையைப் பார்த்து நோட்டுல எழுதுறதுக்குள்ள அழிஞ்சுபோச்சு. ஒரு பிள்ளை எழுந்திரிச்சு, "மிஸ், இப்பதான் இருந்தது, காணோம் மிஸ்"னு சொல்லிருக்கு. ஹெட்மாஸ்டர் ஒண்ணும் ஏசல. "வியாழக்கிழமை வரைக்கும் பார்ப்போம்மா"ன்னுட்டு எழுந்து போயிட்டாராம்.

"நான் அழிக்காமப் போட்டா அது மகாபாரதம் வாசிக்கு. அழிச்சா பிள்ளைகளுக்கு ஒண்ணும் கிடைக்கல. எனக்கு விதிச்சது போன் எடுக்கிற வேலைதான் போலக்கா. உங்களைக் குத்தம் சொல்லல, நீங்களும் தலைகீழா நின்னுதான் பாக்கீங்க."

தலைகீழா நின்னு பாக்கேனாம். எனக்கு அந்த இடத்துல செத்துரலாம்போல இருந்தது.

போனை வச்சதும் பதினாறு வரியையும் அனுப்பிட்டேன். மூணு மணிக்குப் புதுப் பலகை அவ கம்ப்யூட்டருக்குப் போயிருக்கும். இன்னிக்குத்தான் சரியா வந்ததுன்னு ரகோத்தமனுக்கு எழுதினேன்.

ஜூலை 22, செவ்வாய்
138/88.

"ஏக்கா! ஏக்கா! பதிலை மட்டும் வாசிக்கு! வேற ஒண்ணும் வாசிக்கல! நாப்பது வரி போட்டுட்டேன், நாப்பதும் ஸ்கிரீன்ல அப்படியே இருக்குன்னு பிள்ளைகள் சொல்லுதுக!" கத்தின கத்துல போன் அதிர்ந்தது. நானும் கத்தினேன். அழுதும் இருக்கேன், அவளுக்குத் தெரியாது.

"ரெண்டு நாள்தான் இருக்கு, இருந்தாலும் பார்த்துக்கிடுதேன். இனிமே உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்க்கா, எம்புட்டு நாள் என்னால உங்களுக்குத் தலைவலி."

தொந்தரவு ஒண்ணும் இல்லைன்னேன்.

ஜூலை 23, புதன்
146/92. போன் இல்ல. அவ பழகட்டும்.

ஜூலை 24, வியாழன்
பார்க்கல.

இன்னிக்குத்தான். பதினொரு மணிக்கு வகுப்பு. நாலு மணிக்கு மெசேஜ் வந்தது. "முடிஞ்சது அக்கா. நாளைக்குப் பேசுதேன்."

ஜூலை 25, வெள்ளி
பதினொன்னே காலுக்குப் போன் வந்தது. அவ சொன்னதை அப்படியே எழுதுதேன். எழுதாட்டி நாளைக்கே எனக்குச் சாதகமா மாத்திக்கிடுவேன்.

"ஒம்பதாம் கிளாஸ்க்கா. ரெண்டு ஆபீசரும் ஹெட்மாஸ்டரும் கடைசி பெஞ்சுல. பிள்ளைகள் உயரத்தையெல்லாம் சொல்லச் சொல்லி, சராசரி எடுக்கிற பாடம். ஒவ்வொருத்தரா எழுந்திரிச்சுச் சொல்லுதுக, நான் போடுதேன். பதில் காதுல விழுந்ததும் கை தானாப் போயித் தட்டிட்டுக்கா. கன்ட்ரோல், எல். எனக்குத் தட்டினதே தெரியல. பிள்ளைகள் மிஸ் மிஸ்ஸுங்குதுக. எனக்கு என்னன்னு புரியல, காதுல எல்லாம் சரியாத்தான கேக்கு? அடுத்ததைப் போட்டேன். மறுபடி தட்டிருக்கேன். நாலு தடவை. ஒரு ஆபீசர் சொல்லுதாரு, 'ஸ்கிரீன்ல என்ன நடக்குதுன்னு இவங்களுக்கே தெரியலையே சார்'. எனக்குக் கண்ணுதான தெரியாது? காது கேக்குமே."

நான் எஸ்தர் எஸ்தர்னேன்.

"இருங்க, இன்னும் முடிக்கல. என் தப்புதான், ரெண்டு நாள்ல கையை மாத்திருக்கணும். சாயந்திரம் உக்காந்து, அந்தக் கன்ட்ரோல், எல் தட்டுறதையே எடுத்துவிட வழி இருக்கான்னு பலகையோட உதவிப் பக்கத்தை முழுசா வாசிக்க விட்டேன். கடைசில, என்னென்ன மாத்திருக்குன்னு ஒரு லிஸ்டு இருக்குல்லா?"

இருக்கு. அதை யாரும் எழுதுறது கிடையாது. எந்த மாற்றம், யாரு செஞ்சா, எந்தத் தேதியில செஞ்சான்னு கம்ப்யூட்டரே எடுத்துப் போட்டுக்கிடும். அனுப்பின தேதி இல்ல, எழுதின தேதி. கண்ணு தெரிஞ்சவன் எவனும் அந்தப் பக்கத்துக்குப் போறதில்ல. நானே ஒரு நாளும் படிச்சதில்ல. அவளோட ஸ்கிரீன் ரீடர் எதையும் தாண்டாம வாசிக்கும்.

"'ஜூலை ஒம்பது. ஷெல்லில் புதிய பதிலை மட்டும் வாசித்தல். இசக்கியம்மாள்.' அப்படின்னு வாசிக்கு. தப்பா வாசிக்கோன்னு திரும்பத் திரும்ப விட்டேன். ஒம்பதுதான். ஒம்பதாந்தேதியே முடிச்சிட்டீங்களா?"

"ஆமா."

"பெறவு ஏன்?"

நாலஞ்சு பொய் வாய் வரைக்கும் வந்தது. சோதனை பாக்கி இருந்தது, மேலே ஒப்புதல் வரலை, எல்லாம் ரகோத்தமன் நம்புற பொய். அவகிட்டச் சொல்ல முடியல.

"முடிஞ்சிட்டா நீ போன் பண்ண மாட்டியேன்னு."

கட் பண்ணிட்டாளோன்னு திரையைப் பார்த்தேன், நிமிஷம் ஓடிக்கிட்டுத்தான் இருந்தது.

"கூப்பிடுட்டின்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா கூப்பிட்டிருப்பேனே. தெனமும் கூப்பிட்டிருப்பேனே. இங்க ஸ்டாஃப் ரூம்ல எனக்கு மட்டும் யாரு இருக்கா பேச? நான் லேப்ல உக்காந்து உங்ககிட்டப் பேசினது ஷெல்லுக்காவன்னா நெனைச்சீங்க? இத்தனை நாள்ல ஒரு தடவையாவது நீங்களா என்னைக் கூப்பிட்டீங்களா?"

வச்சிட்டா.

இல்ல. ஒரு தடவைகூடக் கூப்பிடல. காய்ச்சல்னு சொன்ன அன்னிக்குக்கூட, எப்படி இருக்கன்னு கேக்கல.

எனக்குத் துணை வேணும்னு அந்தப் பிள்ளை பிழைப்புல மண்ணை அள்ளிப் போட்டிருக்கேன். சோதிக்கணும், அவசரம் கூடாதுன்னு இந்த டைரிக்குக்கூடப் பொய் சொல்லி எழுதிருக்கேன். வெக்கங்கெட்ட கழுதை.

ஜூலை 26, சனி
அவ ஹெட்மாஸ்டருக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஆறு தடவை கிழிச்சுட்டேன். முதல்ல எழுதினது "தொழில்நுட்பக் காரணங்களால் தாமதம் ஏற்பட்டது." நல்ல வழவழப்பான வாக்கியம். இருபத்திரண்டு வருஷ ஆபீஸ் அனுபவம் சொல்லிக் கொடுத்தது. கிழிச்சேன்.

கடைசியா எழுதினது இது. "எஸ்தர் கனி சுட்டிக்காட்டிய குறையை ஜூலை 9 அன்றே சரிசெய்துவிட்டேன். என் சொந்தக் காரணத்துக்காகப் பன்னிரண்டு நாள் அவருக்குத் தராமல் வைத்திருந்தேன். அந்த நாட்களில் நான் சொல்லிக்கொடுத்த குறுக்குவழியில் அவர் கை பழகிவிட்டதால்தான் அன்றைய வகுப்பு கெட்டது. தவறு முழுக்க என்னுடையது. நல்ல மென்பொருளோடு அவருக்கு இன்னொரு வகுப்பு கொடுத்துப் பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்."

நேர்ல வந்து சொல்லச் சொன்னாலும் வாறேன்னு போன் நம்பரும் போட்டேன். மாவட்ட ஆபீசுக்கு ஒரு நகல். ரகோத்தமனுக்கு மெயில்ல ஒரு நகல். கீழே இறங்கி நடந்தே போயித் தபால் ஆபீஸ்ல ரிஜிஸ்டர் பண்ணிட்டு வந்தேன். லிஃப்ட்ல ஒரு அம்மா சாப்ட்டாச்சான்னு கேட்டாங்க. இல்லைன்னேன்.

கன்ட்ரோல், எல் தட்டினா அழியிறதையும் பலகையிலருந்து தூக்கிட்டேன். வேணுங்கிறவங்க தேடிப் போயி வச்சுக்கிடட்டும். அதை உடனே அனுப்பிட்டேன்.

ஜூலை 28, திங்கள்
144/92.

ரகோத்தமன் வீடியோவில வந்தார். "ஏன் மேடம் இதெல்லாம் எழுதினீங்க? டெஸ்டிங்ல லேட் ஆச்சுன்னு ஒரு வரி போதுமே. கம்பெனி பேரு என்ன ஆகும்?"

"கம்பெனி பேரை எங்கயும் எழுதல. என் பேரைத்தான் எழுதியிருக்கேன்."

"சொந்தக் காரணம்னா? என்ன காரணம்?"

"எனக்குப் பேச ஆளு இல்ல சார். அதான் காரணம்."

அவருக்கு எங்க பார்க்கன்னு தெரியல. பலகையிலருந்து என்னை எடுத்தாச்சு. வேலையை விட்டே தூக்கலை, அது அவர் நல்ல மனசு. ரிப்போர்ட் பிரிண்ட் வேலைக்குப் போட்டிருக்கார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி
146/92. பதினொன்னே கால் வரும்போதெல்லாம் எழுந்து சமையல்கட்டுக்குப் போயிருதேன். அங்க ஒரு வேலையும் இல்ல.

ஆகஸ்ட் 5, செவ்வாய்
148/92.

மீட்டிங் முடிஞ்சு எல்லாரும் போனபிறகு ரகோத்தமன் என்னை மட்டும் இருக்கச் சொன்னார். அந்த ஸ்கூல்லருந்து கம்பெனிக்குப் பேசினாங்களாம். இன்னிக்குத் திரும்ப வகுப்பு எடுக்கச் சொல்லியிருக்காங்களாம் அந்த டீச்சரை. "முடிவு என்னன்னு எனக்குத் தெரியலை மேடம். தெரிஞ்சா சொல்றேன்"னார்.

நாள் முழுக்க ஒரு வேலை ஓடல. மனசுக்குள்ள ஒரே வரிதான், கர்த்தரே அவ கையைப் பிடிச்சுக்கோன்னு. எனக்கு மாரியம்மாதான் குலசாமி. அவ சாமியையே கூப்பிடுவோம், அவளுக்குத்தானே வேணும்.

ஆகஸ்ட் 6, புதன்
யாரும் ஒண்ணும் சொல்லல. போனைக் கையில எடுத்தேன், வச்சேன். எடுத்தேன், வச்சேன். என்ன முகத்தோட கேக்க?

ஆகஸ்ட் 7, வியாழன்
கூப்பிட்டேன்.

பதினொன்னே காலுக்கு இல்ல, அது அவ நேரம். அவ எனக்குக் கொடுத்த நேரம், அதுல கை வைக்க எனக்கு உரிமை இல்ல. பத்தே முக்காலுக்குக் கூப்பிட்டேன். குளிக்கக்கூட இல்ல, நைட்டியோட நின்னுக்கிட்டே. அவ நம்பரை அழுத்திட்டேன். மணி அடிக்குது, அடிக்குது, எடுக்க மாட்டான்னு முடிவு பண்ணி வைக்கப் போறேன், எடுத்துட்டா.

பின்னால ஒரே இரைச்சல். நாற்காலி இழுக்கிற சத்தம், பிள்ளைகள் கூப்பாடு.

"எஸ்தர், நான்தான்..."

"கிளாஸ்ல இருக்கேன்."

அவ்வளவுதான். அக்காவும் இல்ல, மேடமும் இல்ல. "நூத்து நாப்பத்தொம்பது, எழுதிக்கிட்டீங்களா எல்லாரும்?"னு அங்க பிள்ளைகளைக் கேட்டா. எழுதிட்டோம் மிஸ்ஸுன்னு ஒரு முப்பது குரல். போன் கட் ஆயிட்டு.

திரும்பக் கூப்பிடுவாளா தெரியாது. கூப்பிட மாட்டா, நானா இருந்தாலும் கூப்பிட மாட்டேன். நான் கூப்பிடுவேன், அவ எடுக்கட்டும் எடுக்காமப் போகட்டும்.

கிளாஸ்ல இருக்கா. ஆபீஸ்ல போன் எடுக்கிற வேலையில இல்ல, அவ கிளாஸ்ல இருக்கா.